ஒப்பாரியை மொழிபெயர்த்த நாள்

சொல்வன்மை பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் இளையவர்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் கேட்கிற ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டாமா? உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் சொந்தமாக ஒரு வார்த்தை பேசாமல் சம்பளம் வாங்கினவன் நான். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். ஊமையிடம் வந்து சங்கீதம் கேட்கிறீர்களே என்று சிரித்தேன். அவர்கள் விடவில்லை, தேத்தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்து வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

சொல்வன்மை என்றதும் எல்லோருக்கும் மேடைதான் ஞாபகம் வரும். ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம், தொழிற்சங்கக் கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை குறைவு. அடுக்குமொழியில் பொழிந்து தள்ளுவார்கள். சனம் மழையில் நனைந்துகொண்டே கேட்கும். நானும் நின்று கை தட்டியிருக்கிறேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு முன்னால் குனிந்தே நின்று பழகிய சனத்துக்கு, தங்களில் ஒருவன் நிமிர்ந்து நின்று பேசுவதைப் பார்ப்பதே பெரிய தெம்பு. ஆனால் என் மனதில் தங்கிய பேச்சு மேடையில் கேட்டதல்ல. அது ஒரு சாவு வீட்டில் கேட்டது. அதைச் சொல்கிறேன், கட்டுரையாக வருகிறதோ இல்லையோ.

நான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஹட்டனில் படித்தேன், பரீட்சை எழுதினேன், நாடு சுதந்திரம் அடைவதற்குச் சற்று முன்னால் இளநிலை மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். பிறகு பிரசாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. எனக்குப் பதிவு கிடைக்கும்வரை வேலை நிலைக்குமோ போகுமோ என்ற பயம் விடவில்லை. அந்தப் பயத்திலேயே தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

தலைமை மொழிபெயர்ப்பாளர் நாகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். எந்த மழையிலும் கசங்காத கறுப்புக் கோட்டு. நீதிமன்றம் கூடுவதற்கு முன் ஒரு கோப்பை சுடுநீரை மெதுவாகக் குடிப்பார். சாட்சிக்கூண்டுக்கு இடப்பக்கம், ஓர் அடி பின்னால்தான் நிற்பார். முன்னால் நின்றால் சாட்சி நீதவானை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவான் என்பார். சாட்சி "நான்" என்றால் அவரும் "நான்" என்பார். "அவர் சொல்கிறார்" என்ற பேச்சே கிடையாது. தலை ஆட்ட மாட்டார், புருவம் உயர்த்த மாட்டார்.

ஒருமுறை ஒரு பெண் கோபத்தில் நீதவானைப் பார்த்து, "ஒங்க கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டுவிட்டாள். நாகலிங்கம் ஐயா கொஞ்சமும் குரல் மாறாமல், "உங்கள் கண்கள் அவிந்துபோய்விட்டனவா?" என்று நல்ல ஆங்கிலத்தில் நீதவானைக் கேட்டார். மன்றமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மாட்டுத் திருட்டு வழக்கு. கிழவர் ஒருவர் சாட்சி. "அது வந்துங்க... நான் பாக்கலிங்க... பாத்தேன்தானுங்க..." என்று இழுத்தார். நான் அதை, "நான் தெளிவாகக் காணவில்லை" என்று நறுக்கென்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. மத்தியானம் நாகலிங்கம் ஐயா கூப்பிட்டார்.

"நல்ல இங்கிலீஸ் தம்பி. ஆனா அது உம்மட இங்கிலீஸ். அந்த மனுசன் தடுமாறினதை எங்க விட்டனீர்? நீதவானுக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்தான்."

"அது வெறும் இழுவைதானே ஐயா?"

"இழுவையோ என்னவோ, அது அவன்ரை. சாட்சிக்காரன்ரை வாயை நீர் இரவல் வாங்கிறீர். திருப்பிக் குடுக்கேக்க அதில உம்மட ஒண்டும் ஒட்டியிருக்கக் கூடாது, அவன்ரை ஒண்டும் குறைஞ்சிருக்கவும் கூடாது. கேளாததைச் சொல்லாதையும். விளங்குதோ?"

விளங்கியது. அந்தக் கடைசி விதிதான் பின்னால் என்னைப் படாத பாடு படுத்தியது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஆடிக் காற்று அடிக்கிற காலம். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கருப்பையா என்ற தொழிலாளி சவுக்கு மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, வேலை இல்லை. விறகு திருட மரத்தில் ஏறி விழுந்தான் என்று தோட்டத்திலிருந்து பொலிசுக்கு அறிவித்தார்கள். திருட்டும் சாவும் சேர்ந்து வந்ததால் நீதவானே நேரில் போய் மரண விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. நாகலிங்கம் ஐயாவும் நானும் உடன் போனோம்.

விசாரணை பிள்ளைக் காம்பராவில் நடந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அன்றைக்குக் குழந்தைகளை வேறிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். உத்திரத்தில் சேலைத் தொட்டில்கள் வெறுமையாகத் தொங்கின. பக்கத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில்தான், பிரேதம் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து அனுப்பியாயிற்று. நீதவானும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் சிங்களவர், நிதானமான மனிதர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

முதல் சாட்சி கண்டாக்கையா. வெளிவேலைகளையெல்லாம் மேற்பார்க்கும் உத்தியோகத்தர். துரைக்கு அடுத்தபடி தொழிலாளியின் தலைவிதி அவர் கையில். அவருக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. அடேயப்பா, என்ன ஆங்கிலம்! இறந்தவர் நல்ல உழைப்பாளி என்று தொடங்கினார். குளிரும் வறுமையும் நல்ல மனிதனையும் தவறான வழிக்குக் கொண்டுபோய்விடும், அவனைக் குற்றம் சொல்ல என் மனம் இடம் தரவில்லை, ஆனாலும் உண்மையை மறைக்க முடியாதே என்று சொல்லி, கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டார். நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது, பொய் சொல்வேனா?

அடுத்து மனைவி. மாரியாயி என்று பெயர். முப்பது வயது இருக்கும். நான் சொல்லச் சொல்ல உறுதிமொழி எடுத்தாள். குரல் வெளியே வரவில்லை. கண்டாக்கையா வாசலருகே நின்றிருந்தார்.

"உங்கள் கணவர் ஏன் மரத்தில் ஏறினார்?" நீதவான் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

"தெரியாதுங்க."

"யாராவது ஏறச் சொன்னார்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். வாசல் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

"தெரியாதுங்க சாமி."

நான்கு கேள்விக்கும் அதே பதில். நானும் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் இருப்பது தோட்டத்துக் கூரை. கண்டாக்கையா ஒரு சொல் சொன்னால் அதுவும் இல்லை. திருடனின் பெண்டாட்டி என்று முடிவெழுதிவிட்டால் அவளை வெளியே போகச் சொல்ல வேறு காரணமே தேவையில்லை. பேசினாலும் தெரு, பேசாவிட்டாலும் தெரு. இதையெல்லாம் நான் நீதவானிடம் சொல்ல முடியாது. அவர் கேட்கவில்லை.

அவளைப் போகச் சொன்னார். அவள் லயத்துக்குள் போய்ச் சேர்ந்ததும், ஓய்ந்திருந்த ஒப்பாரி மறுபடி எழுந்தது. தகரச் சுவருக்கு அப்பாலிருந்து, இத்தனை நேரம் வெளியே வராத அதே குரல், மலை எதிரொலிக்க வந்தது.

*"ஞாயித்துக் கெழமையின்னு நல்ல சோறு ஆக்கி வச்சேன்*
*வாசலுல வந்து நின்னு வாடான்னு கூப்புட்டாக*
*காச்சலுன்னு சொன்னீகளே, கையெடுத்துக் கும்பிட்டீகளே*
*கண்டாக்கு வீட்டடுப்புக் கங்குபட்டு எரியணுமின்னு*
*எங்கவீட்டு வெளக்கணைஞ்சு இருண்டுபோச்சே என் ராசா!"*

கருப்பையா திருடப் போகவில்லை. கண்டாக்கையா வீட்டு அடுப்புக்கு விறகு தறிக்க, வேலையில்லாத நாளில், காய்ச்சலோடு அனுப்பப்பட்டிருக்கிறார். தோட்டமே கேட்க அவள் சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்ல எங்கள் பெண்களுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஒப்பாரியில் ஒரு பெண் யாரையும் எதுவும் சொல்லலாம். மாமியாரை, கங்காணியை, சாமியைக்கூட. யாரும் தடுக்கக் கூடாது, யாரும் கோபிக்கவும் கூடாது. என் தாத்தா சாவில் என் அத்தை எங்கள் குடும்பத்தையே கிழிகிழியென்று கிழித்தாள். காரியம் முடிந்த அன்றே எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அழுகையில் சொன்னது அழுகையோடு போய்விடும். அதுதான் வழக்கம்.

நீதவானுக்கு அது வெறும் சத்தம். முகத்தைச் சுளித்தார்.

"முடிவை எழுத வேண்டும். கொஞ்ச நேரம் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள்."

கண்டாக்கையா தானே போய்ச் சொல்கிறேன் என்று புறப்பட்டார். நான் நாகலிங்கம் ஐயாவைப் பார்த்தேன். கேளாததைச் சொல்லாதே என்ற மனிதரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நீதவானுக்கு வணக்கம் வைத்தார்.

"ஐயா, நீங்கள் சொல்வதை அந்தப் பெண்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறோம். அவர்கள் சொல்வதையும் உங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டுமா?"

நீதவான் நிமிர்ந்தார். "சொல்கிறார்களா? அழுகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்."

"இரண்டும்தான் ஐயா."

"அப்படியானால் மொழிபெயருங்கள்."

ஐயா என் பக்கம் திரும்பினார். "அது உம்மட தமிழ். நீரே சொல்லும்."

சொன்னேன். இரவல் வாய் என்று பெயர், என் சொந்த நாக்கே உலர்ந்து ஒட்டிக்கொண்டது. விளக்கு அணைந்தது என்ற இடத்தில் நீதவான் கையை உயர்த்தினார். "எந்த விளக்கு? வீட்டில் தீ விபத்தும் நடந்ததா?"

"இல்லை ஐயா, அது ஓர் அலங்காரச் சொ..." என்று தொடங்கினேன்.

"தம்பி." நாகலிங்கம் ஐயாவின் குரல் தாழ்ந்து வந்தது. "விளக்கெண்டால் விளக்கெண்டே சொல்லும். என்ன விளக்கெண்டு அவையிட்டத்தான் கேக்கவேணும்."

கண்டாக்கையா விட்டாரா? பொறுமையாகச் சிரித்தார். "ஐயா, இது இவர்களுடைய பாட்டு. இதில் தெய்வத்தையே ஏசுவார்கள். இதைச் சாட்சியமாக யாரும் கொள்வதில்லை." அவர் சொன்னதும் உண்மைதான். அதுதான் வேதனை.

நீதவான் யோசித்தார். மாரியாயியை மறுபடி கூப்பிடச் சொன்னார். வந்து நின்றாள். வெளியே சொன்னதை இங்கே சொல்லம்மா என்றேன். தலைக்கு மேல் தொங்கிய தொட்டில்களைப் பார்த்தாள்.

"இங்க அழுவக் கூடாதுங்க. புள்ளைங்க தூங்குற எடம். ஆகாதுங்க."

"அழாமல் சொல்லலாமே அம்மா?"

வாசலில் நின்ற கண்டாக்கையாவின் நிழல் பக்கம் அவள் கண் போய் வந்தது.

அவள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவள் உறுதிமொழி எடுத்திருக்கிறாள். எந்த இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நாம் அங்கே போவோம்," என்றார்.

பொலிஸ்காரர் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் லயத்து வாசலில் போட்டார். தூறல். ஒருவர் குடை பிடித்தார். பிரேதத்தைச் சுற்றிப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தில் குந்தி, நீதவானின் கேள்வியைச் சொன்னேன். யார் கூப்பிட்டது? மாரியாயி வாயைத் திறக்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டிருந்த காமாட்சி, இறந்தவரின் அக்கா, என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தக் கேள்வியை எடுத்து அவளே ராகத்தில் போட்டாள்.

*"காச்சலுல படுத்தவனக் கைதட்டிக் கூப்புட்டது*
*ஆருன்னு சொல்லு தாயி, எந்தம்பி பொண்டாட்டி!"*

மடை திறந்துவிட்டது. கண்டாக்கையா கூப்பிட்டார் என்று பதில் ராகத்திலேயே வந்தது. எந்த மரம், யார் கத்தி, போகாதே என்று இவள் எப்படிக் காலைப் பிடித்தாள், போகாவிட்டால் நாளைக்கு வேலைக்குப் பெயர் போட மாட்டேன் என்று அவர் எப்படிச் சொன்னார், எல்லாம் வந்தது. நீதவான் கேட்பார், நான் சொல்வேன், காமாட்சி பாடிக் கேட்பாள், மாரியாயி அழுது சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். எந்த விளக்கு என்றும் கேட்டோம். "வெளக்குன்னா நீதானே, வேற வெளக்கு எனக்கேது" என்று பிரேதத்தின் நெஞ்சில் முகத்தைப் புதைத்தாள். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. நாகலிங்கம் ஐயா குடைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்.

விசாரணையில் கடைசியாக ஒரு முறை இருக்கிறது. எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவார்கள், சரி என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுதியது செல்லாது. நீதவான் பாட்டையெல்லாம் நீக்கி, நடந்ததை மட்டும் வரிவரியாக எழுதியிருந்தார். நான் அதைத் தமிழில் வாசித்தேன். என் கணவருக்குக் காய்ச்சல். கண்டாக்கு அவரை வீட்டுக்கு வந்து அழைத்தார். தன் வீட்டு விறகுக்காக மரத்தில் ஏறச் சொன்னார். நான் தடுத்தேன். ராகம் இல்லை, ராசாவும் இல்லை. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அப்போது கண்டாக்கையா முன்னால் வந்தார். ஆங்கிலத்தை விட்டுவிட்டார். எங்கள் தமிழில், அண்ணன் தங்கச்சியிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"மாரியாயி, ஒப்பாரியில சொன்னத நாங்க யாரும் மனசுல வச்சுக்க மாட்டோம் தாயி. நீ அழுதுட்ட, பாரம் எறங்கிருச்சு. அதோட விட்டுரு. வீட்டுல நீயும் புள்ளைங்களும் ஒங்க பாட்டுக்கு இருங்க. ஒன்ன ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அன்று கேட்ட பேச்சுகளிலேயே திறமான பேச்சு அதுதான். வழக்கம் அவர் பக்கம் இருந்தது. ஒரு தலையசைப்பில் எல்லாம் அழுகையோடு போய்விடும், வீடும் தங்கும், புருஷன் திருடன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். இதையும் நான் ஒரு சொல் குறையாமல் நீதவானுக்கு மொழிபெயர்த்தேன். பிறகு அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வாசிச்சது சரியாம்மா?"

மாரியாயி காமாட்சியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். எழுந்து நின்றாள். அன்றைக்கு முதல் தடவையாகக் கண்டாக்கையாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சரிதாங்க. எழுதிக்கங்க. நான் இப்ப அழுவலிங்க."

மொழிபெயர்த்தேன். கடைசி வாக்கியத்தையும் எழுத வேண்டுமா என்று நீதவான் நாகலிங்கம் ஐயாவைப் பார்த்தார். சாட்சி சொன்னது எல்லாவற்றையும்தான் ஐயா என்றார் அவர். நீதவான் எழுதினார். மேலதிகாரியின் சொல்லுக்குப் பணிந்து போன இடத்தில் மரணம் என்று அங்கேயே முடிவும் எழுதப்பட்டது. திருட்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அதையும் அவளுக்குத் தமிழில் வாசித்தேன். தலையை மட்டும் அசைத்தாள்.

நாங்கள் காரில் ஏறும்போது தப்பு மேளம் முழங்கியது. பிரேதத்தைத் தூக்கினார்கள். மாரியாயி அப்போதுதான் மறுபடி பெருங்குரலெடுத்து அழுதாள். இந்தமுறை அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.